ஆத்தங்குடித் தரையும் நகர்கிறது: கண்டங்களின் பயணத்தைப் பிள்ளைகளுக்கு விளக்குவது எப்படி?

2025 மார்ச் 28 அன்று மியான்மரின் மண்டலே அருகே 7.7 அளவில் நிலம் அதிர்ந்தது. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கத்து வீடுகளில் அந்தச் செய்தியைத் தூரத்து ஊர்ச் செய்தியாக யாரும் கேட்கவில்லை. லேவாதேவிக்காகப் பர்மாவுக்குக் கப்பலேறிய பாட்டன்மாரின் படங்கள் இன்னும் முகப்பில் தொங்குகின்றன. போதாததற்கு, “இந்தியா இரண்டாகப் பிளக்கிறது” என்ற தலைப்பு ஒன்று கைப்பேசிக்குக் கைப்பேசி தாவிக்கொண்டிருக்கிறது. இரண்டையும் கேட்ட பிள்ளை “ஐயா, நம்ம வீடும் நகருதா?” என்று கேட்பது இயல்பு.

பெரியவர்களிடமிருந்து வரும் வழக்கமான பதில்: “பூமிக்குள்ள நெருப்புக் குழம்பு கொதிக்குது, அதுமேல நாம மிதக்கிறோம்.” இந்தப் பதில் பிள்ளையைப் பயமுறுத்துகிறது, அதோடு அது தவறும்கூட. கண்டங்கள் நகர்வதைச் சொல்லித் தருமுன் இந்த ஒரு படத்தைத் தலையிலிருந்து எடுத்துவிட வேண்டும். எடுத்துவிட்டால் மீதி எளிது. சான்றுகளில் பாதி நம் வளவுக்குள்ளேயே கிடக்கின்றன.

1. நகர்வது எது?

கண்டம் தனியாக நகர்வதில்லை. கண்டமும் அதை ஒட்டிய கடல்தரையும் சேர்ந்த ஒரு பெரும் பாறைப்பலகை நகர்கிறது. அதற்குப் பெயர் புவித்தட்டு. இந்தியத் தட்டில் நாம் இருக்கிறோம், இலங்கை இருக்கிறது, வங்காள விரிகுடாவின் தரையில் பெரும்பகுதியும் இருக்கிறது. தொண்டிக் கடற்கரையில் நின்று பார்க்கும் பிள்ளைக்கு இதைச் சொல்லலாம்: கடல் தொடங்கும் இடத்தில் தட்டு முடிவதில்லை, தண்ணீருக்கு அடியிலும் அதே பலகை போய்க்கொண்டே இருக்கிறது.

உள்ளே இருப்பதைப் புரிந்துகொள்ளச் சில அளவுகள் போதும்.

1. மேலோடு: கண்டங்களுக்கு அடியில் சராசரியாக 35 கி.மீ., கடலுக்கு அடியில் சுமார் 7 கி.மீ. தடிமன்.
2. கவசம்: மேலோட்டுக்குக் கீழே சுமார் 2,900 கி.மீ. ஆழம் வரை.
3. கரு: அதற்கும் கீழே, பெரும்பாலும் இரும்பு. வெளிக்கரு உருகிய நிலையில், உட்கரு திடமாக.

மேலோடும் கவசத்தின் மேற்பகுதியும் ஒட்டிக்கொண்டு ஏறத்தாழ 100 கி.மீ. தடிமனுள்ள விறைப்பான தட்டாக இருக்கின்றன. கண்டங்களின் பழைய பகுதிகளில் தடிமன் இன்னும் அதிகம். பூமியின் மேற்பரப்பு இப்படி ஏழு பெரிய தட்டுகளாகவும் பல சிறிய தட்டுகளாகவும் பிரிந்து கிடக்கிறது.

2. குழம்பு என்கிற பிழை

தட்டுக்குக் கீழே இருக்கும் கவசம் திடப்பாறை. நிலநடுக்க அலைகளில் ஒரு வகை திரவத்துக்குள் செல்லவே செல்லாது. அந்த அலை கவசத்தின் வழியாகத் தாராளமாகப் போகிறது, வெளிக்கருவில் நின்றுவிடுகிறது. ஆகவே கவசம் முழுக்க ஒரு நெருப்புக் கடல் என்பதற்கு இடமே இல்லை. எரிமலையிலிருந்து வரும் குழம்பு, சில இடங்களில் மட்டும், கவசத்தின் ஒரு சிறு பங்கு உருகி மேலேறுவது.

திடப்பொருள் எப்படி நகர்வுக்கு இடம் கொடுக்கும் என்று விவரமான பிள்ளை கேட்கும். கங்கோத்ரிப் பனியாற்றைக் காட்டுங்கள். அதன் பனிக்கட்டியை உளியால் உடைக்கலாம், அதன் மேல் நடக்கலாம். ஆனாலும் அது பள்ளத்தாக்கில் மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கிறது. கவசப்பாறை அதைவிடப் பன்மடங்கு மெதுவாக, வெப்பமும் அழுத்தமும் தரும் நெகிழ்வில், உருகாமலே ஒழுகுகிறது. தட்டுக்கு நேர் கீழே உள்ள அடுக்கு கூடுதலாக நெகிழ்ந்திருப்பதால் அதன் மேல் தட்டு வழுக்க முடிகிறது.

இந்த ஒரு செய்தியை, திடப்பாறையும் நெடுங்காலத்தில் ஒழுகும் என்பதை, பத்து வயதுப் பிள்ளையால் நன்றாகவே வாங்கிக்கொள்ள முடியும். கடினம் என்று நினைத்து நாம்தான் அதைச் சொல்லாமல் விடுகிறோம்.

3. தள்ளுகிறதா, இழுக்கிறதா?

பள்ளிப் படங்களில் கவசத்தில் வட்டமிடும் அம்புக்குறிகள் இருக்கும். கீழே சூடான பாறை மேலேறுகிறது, குளிர்ந்தது இறங்குகிறது, அந்தச் சுழற்சி தட்டுகளைச் சுமந்து போகிறது என்று விளக்கம் இருக்கும். சுழற்சி உண்மை. ஆனால் தட்டு அதில் சும்மா சவாரி செய்வதில்லை, சுழற்சியை நடத்துவதில் தட்டுக்கே பெரும் பங்கு உண்டு. அதை இப்படி வரிசையாகச் சொல்லலாம்.

1. பூமி உருவானபோது மிஞ்சிய வெப்பமும், யுரேனியம், தோரியம், பொட்டாசியம் போன்றவற்றின் கதிரியக்கம் தரும் வெப்பமும் உள்ளே இருக்கின்றன. வெளியேற வழி தேடும் இந்த வெப்பமே எல்லாவற்றுக்கும் மூலம்.
2. நடுக்கடல் முகடுகளில் தட்டுகள் விலகுகின்றன. அந்த இடைவெளியில் பாறைக்குழம்பு வந்து உறைந்து புதுக் கடல்தரை ஆகிறது. அரபிக்கடல் பக்கம் உள்ள கார்ல்ஸ்பெர்க் முகடு அப்படிப்பட்ட ஒன்று.
3. புதுத் தரை முகட்டை விட்டு விலக விலகக் குளிர்கிறது, தடிக்கிறது, எடை கூடுகிறது.
4. கோடிக்கணக்கான ஆண்டு கழித்து அது கீழே உள்ள கவசத்தைவிடக் கனமாகிவிடுகிறது. இன்னொரு தட்டின் விளிம்பைச் சந்திக்கும் இடத்தில் தலைகுனிந்து உள்ளே இறங்குகிறது. இதை அமிழ்தல் என்கிறோம்.
5. இறங்கும் விளிம்பு தன் பின்னால் உள்ள தட்டு முழுவதையும் இழுக்கிறது. உயரமான முகட்டிலிருந்து தட்டு சரிவதால் வரும் உந்துதலும் உண்டு, ஆனால் இழுவைதான் பெரிது.

ஐந்தாவது படியைக் காட்ட ஓர் ஈரத் துண்டும் வழுவழுப்பான மேசையும் போதும். துண்டை மேசையில் விரித்து ஒரு முனையைக் கொஞ்சம் தொங்க விடுங்கள். ஒன்றும் ஆகாது. தொங்கும் பகுதியைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். ஒரு கட்டத்தில் யாரும் தொடாமலே மீதித் துண்டு சரசரவென்று பின்தொடர்ந்து விழும். தட்டை இழுப்பதும் இதேபோல் தொங்கும் பகுதியின் எடைதான்.

துண்டு சொல்வதை நிலப்படமும் சொல்கிறது. வடக்கிலும் மேற்கிலும் நீண்ட அமிழும் விளிம்புகள் கொண்ட பசிபிக் தட்டு வேகமாக நகர்கிறது. அப்படிப்பட்ட விளிம்பு அதிகமில்லாத யூரேசியத் தட்டும் ஆப்பிரிக்கத் தட்டும் மெதுவாகவே நகர்கின்றன. இழுவைக்குக் கண்ணெதிரே இருக்கும் இந்தச் சான்றைப் பாடப்புத்தகங்கள் ஏன் அழுத்திச் சொல்வதில்லை என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

4. வளவுக்குள் இருக்கும் சான்றுகள்

ஆல்ஃபிரட் வேகனர் என்ற ஜெர்மானியர் 1912 ஜனவரியில் கண்டங்கள் நகர்ந்தன என்ற தம் கருத்தை முதன்முறையாக வெளியிட்டார். அதே ஆண்டு மார்ச்சில் தென்துருவத்திலிருந்து திரும்பும் வழியில் ராபர்ட் ஸ்காட்டின் குழு பனியில் மாண்டது. சாகும் தறுவாயிலும் அவர்கள் இழுத்து வந்த வண்டியில் சுமார் 16 கிலோ பாறை இருந்தது. அதில் குளோசோப்டெரிஸ் என்ற பழங்காலத் தாவரத்தின் இலைப் பதிவுகள் கிடைத்தன. நம் மேற்கு வங்கத்து ராணிகஞ்ச் நிலக்கரிப் படுகைகளில் கிடைக்கும் அதே தாவரம். ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் அது உண்டு. இவ்வளவு அகன்ற கடல்களைத் தாண்டி ஒரே செடி எப்படிப் போயிருக்கும்? அந்த நிலங்களெல்லாம் ஒட்டிக்கொண்டிருந்தன என்பதுதான் பதில். ஒட்டிக்கிடந்த அந்தப் பெருநிலத்தைக் கோண்டுவானா என்கிறோம்.

வேகனர் சொன்னதை அன்றைய அறிஞர்கள் பலர் ஏற்கவில்லை. எது நகர்த்துகிறது என்ற கேள்விக்கு அவரிடம் வலுவான விடை இல்லாததே காரணம். 1930இல் கிரீன்லாந்துப் பனியில் அவர் இறந்தார். 1950களில் மேரி தார்ப் வரைந்த கடல்தரைப் படங்கள் நடு அட்லாண்டிக்கில் ஒரு நீண்ட பிளவுப் பள்ளத்தைக் காட்டின. 1960களில் கடல்தரைப் பாறைகளின் காந்தப் பட்டைகள் முகட்டின் இருபுறமும் ஒரே வரிசையில் இருப்பது தெரிந்தது. முகட்டில் பிறந்த தரை இருபுறமும் விலகிப் போகிறது என்பதற்கு அது சான்று. அதன் பிறகே விடை கூடிவந்தது.

இவ்வளவும் எங்கோ நடந்த கதை என்று பிள்ளை நினைத்துவிடக் கூடாது. வீட்டிலிருந்தே நான்கு பொருள்களை எடுத்துக் காட்டலாம்.

பென்சில். அதன் கரி கிராஃபைட். சிவகங்கை மாவட்டப் பாறைகளில் கிராஃபைட் செதில்கள் உண்டு, தமிழ்நாடு கனிம நிறுவனம் அதை வெட்டியெடுக்கிறது. பழைய சேற்றில் கலந்திருந்த கரிமம், நிலத்தின் அடியாழத்தில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து இப்படி ஆனது. இங்குள்ள பாறைகள் கடைசியாக அப்படி வெந்தது சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்டுவானாவின் துண்டுகள் மோதி ஒட்டிய காலத்தில். இலங்கையும் மடகாஸ்கரும் கிராஃபைட்டுக்குப் பேர்போனவை. அன்று இந்த மூன்று நிலமும் அடுத்தடுத்த வீடுகளாக இருந்தன, ஒரே அடுப்பில் வெந்தன. ஒரு பிள்ளை கையில் பிடித்து, காகிதத்தில் கோடு போட்டுப் பார்க்கக்கூடிய கண்டநகர்வுச் சான்று இதைவிட வேறு இல்லை. காகிதத்தில் விழும் கருங்கோட்டைச் சுட்டி, “இது நிலம் மோதினதால வந்தது, கண்ணு” என்று சொன்னால் போதும். அடுத்த கேள்வி தானே வரும்.

பளிங்கு. பெரிய வீடுகளின் தரையில் இத்தாலியப் பளிங்கு இருக்கும். இத்தாலியப் பளிங்கில் புகழ்பெற்றது கராரா. அது சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் டெத்திஸ் என்ற கடலின் ஓரத்தில் படிந்த சுண்ணாம்புப் பாறை. பின்னர் தட்டுகள் நெருக்கி இத்தாலியின் மலைகள் எழுந்தபோது பளிங்காக மாறியது.

சாளக்கிராமம். பூசையறையில் இருந்தால், எடுக்காமல் தூரத்திலிருந்தே காட்டலாம். நேபாளத்தின் கண்டகி ஆற்றில் கிடைக்கும் இந்தக் கற்களுக்குள் தெரியும் சுருள், அம்மோனைட் என்ற கடல்வாழ் உயிரின் ஓட்டுப் பதிவு. அது வாழ்ந்ததும் டெத்திஸ் கடலில்தான். இந்தியா வடக்கே போய் ஆசியாவில் மோதியபோது அந்தக் கடலின் தரை மடிந்து இமயமாக உயர்ந்தது. பளிங்கும் சாளக்கிராமமும் மறைந்துபோன ஒரே கடலின் இரண்டு மூலைகளிலிருந்து வந்து செட்டிநாட்டு வீட்டில் கூடியிருக்கின்றன. வழிபாட்டுக்குரிய பொருளை இப்படி விளக்குவதில் குறைவு ஒன்றும் இல்லை, அதன் வயதைச் சொல்வது அதன் பெருமையைத்தான் கூட்டுகிறது.

தேக்குத் தூண். பட்டாலையில் நிற்கும் பர்மா தேக்கு வளர்ந்த நிலம் இந்தியத் தட்டில் இல்லை. தட்டின் எல்லை தாண்டி வந்த மரம் அது.

5. எவ்வளவு வேகம்?

இந்தியத் தட்டு வடகிழக்காக ஆண்டுக்குச் சுமார் 5 செ.மீ. நகர்கிறது. பாறையில் பதித்த ஜி.பி.எஸ். கருவிகள் இதை நேரடியாக அளக்கின்றன. கோடி ஆண்டு என்றால் பிள்ளைக்கு ஒன்றும் ஏறாது, அதனால் தரையில் அளந்து காட்ட வேண்டும்.

பத்தங்குல ஆத்தங்குடிக் கல் ஏறக்குறைய 25 செ.மீ. ஐந்து வயதுப் பிள்ளை பிறந்ததிலிருந்து வீடு ஒரு கல் நகர்ந்திருக்கிறது. பத்து வயதுப் பிள்ளைக்கு இரண்டு கல். கைப்பேசித் திசைகாட்டியில் வடகிழக்கைப் பார்த்து, சுண்ணாம்புக்கட்டியால் கோடு போடச் சொல்லுங்கள். நூறு ஆண்டுக்கு முன் கட்டிய வீடு 5 மீட்டர் வந்திருக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய சோழர் கோயில் 50 மீட்டர். பத்து லட்சம் ஆண்டில் 50 கி.மீ., ஏறக்குறைய காரைக்குடியிலிருந்து சிவகங்கை. இதற்குப் பிறகு கோடி என்றால் என்ன என்பது பிடிபட்டுவிடும். பயணத்தின் முக்கிய நிறுத்தங்கள்:

1. சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன்: அண்டார்டிகா, ஆஸ்திரேலியாவை விட்டு இந்தியா பிரியத் தொடங்கியது.
2. சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன்: மடகாஸ்கர் கழன்றது.
3. அதன் பின் ஒரு கட்டத்தில் ஆண்டுக்கு 15 செ.மீ.க்கும் மேலான ஓட்டம்.
4. சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன்: ஆசியாவில் மோதல். வேகம் குறைந்தது, இமயம் எழத் தொடங்கியது.

6. பிள்ளைகள் கட்டாயம் கேட்கும் கேள்விகள்

வீடு நகர்ந்தால் ஏன் விரிசல் விடவில்லை? வீடு, ஊரணி, கண்மாய், குன்றக்குடி மலை, இலங்கை எல்லாம் ஒரே தட்டில் ஒன்றாகப் போகின்றன. ஒன்றுக்கொன்று தூரம் மாறுவதில்லை. இழுபறி நடப்பது பெரும்பாலும் தட்டுகளின் ஓரத்தில்தான்.

மண்டலேயில் என்ன நடந்தது? இந்தியத் தட்டு வடக்கே போகும்போது பர்மாவின் மேற்குப் பகுதியையும் உடன் இழுக்கிறது, கிழக்குப் பகுதி பின்தங்குகிறது. இரண்டுக்கும் நடுவே வடக்குத் தெற்காக ஓடும் கோடு சகாயிங் பிளவு. அதன் இரு பக்கமும் சிக்கிக்கொண்டு, ஆண்டுக்கணக்கில் இறுக்கம் சேர்ந்து, ஒருநாள் சட்டென்று விடுபடுகிறது. 2025இல் அங்கே ஒரு கண்காணிப்புக் கேமராவில், பிளவுக்கு அப்பால் இருந்த நிலம் ஒன்றிரண்டு நொடிகளில் இரண்டரை மீட்டர் வரை பக்கவாட்டில் வழுக்கியது பதிவானது. வன்முறையோ உயிர்ச்சேதமோ இல்லாத காட்சி என்பதால் பெரிய பிள்ளைகளுக்கு அதைக் காட்டலாம். 1930 மே 5 அன்று பர்மாவின் பெகு நகரைத் தகர்த்த நடுக்கமும் இதே பிளவில்தான். நகரத்தார் தொழில் அங்கே ஓங்கியிருந்த காலம் அது.

சுனாமி? அந்தமான், சுமத்ரா ஓரத்தில் இந்தியத் தட்டு கீழே அமிழ்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று அங்கே ஆயிரம் கி.மீ.க்கும் அதிகமான நீளத்துக்கு விளிம்பு விடுபட்டுக் கடல்தரையைத் தூக்கியது. தூக்கிய தரை தண்ணீரைத் தள்ளியது. நாகப்பட்டினம் சீரழிந்தது. பாக் நீரிணைக் கரைக்கு இலங்கை மறைப்பாக நின்றது.

நமக்கு நிலநடுக்கமே வராதா? அப்படிச் சொல்லி ஏமாற்ற வேண்டாம். தட்டின் நடுவிலும் பழைய பலவீனக் கோடுகள் உண்டு. 1900இல் கோயம்புத்தூர்ப் பக்கம் வலுவான நடுக்கம் வந்தது, 1993இல் மகாராஷ்டிரத்தின் லாத்தூர்ப் பகுதியில் கிராமங்கள் பல அழிந்தன. ஓரத்தில் இருப்பவர்களைவிட நமக்கு வாய்ப்பு மிகக் குறைவு என்பதே சரியான பதில். நிலம் ஆடினால் மேசைக்கடியில் புகுந்து தலையைக் காத்துக்கொள்ளவும் கூடவே பழக்கிவிடலாம்.

இந்தியா பிளக்கிறதா? 2023 டிசம்பரில் அமெரிக்கப் புவி இயற்பியல் ஒன்றியத்தின் கூட்டத்தில் ஆய்வாளர்கள் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். திபெத்துக்கு அடியில் நுழைந்திருக்கும் இந்தியத் தட்டின் அடிப்பகுதி, மேற்பகுதியிலிருந்து உரிந்து கிழிபடுகிறது என்பது அது. வெந்நீர் ஊற்றுகளில் வரும் ஹீலியமும் நிலநடுக்க அலைகளும் அவர்களுக்குச் சான்று. இதெல்லாம் திபெத்துக்குக் கீழே, நிலத்தின் ஆழத்தில் நடப்பது. நாட்டின் நடுவே பள்ளம் விழும் என்று அவர்கள் சொல்லவில்லை. தலைப்புப் போட்டவர்கள்தான் சொன்னார்கள்.

குமரிக்கண்டம்? தமிழ்ப் பிள்ளை இதைக் கேட்காமல் இருக்காது, பதிலைத் தட்டிக்கழிக்கவும் கூடாது. மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் ஒத்த விலங்குகளின் தடங்கள் இருப்பதை விளக்க, பிலிப் ஸ்கிலேட்டர் என்ற ஆங்கில விலங்கியலாளர் 1864இல் லெமூரியா என்ற மூழ்கிய நிலத்தை ஊகித்தார். நிலங்களே நகர்ந்தன என்று தெரிந்தபின் அந்த ஊகத்துக்குத் தேவை இல்லாமல் போயிற்று. கண்டப்பாறை கவசத்தைவிட இலேசானது, அதனால் ஒரு கண்டம் அப்படியே கடலுக்கடியில் போய்ப் படுத்துவிடாது. இந்தியப் பெருங்கடலின் தரை பெரும்பாலும், கண்டப்பாறையைவிட வயதில் மிக இளைய எரிமலைப் பாறை.

அப்படியானால் கடல்கோள் பற்றிய நம் பழம்பாடல்கள் பொய்யா என்று பிள்ளை முகம் வாடும். வாட விட வேண்டாம். 20,000 ஆண்டுகளுக்கு முன் பனியுகத்தில் கடல்மட்டம் இப்போதையதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பாக் நீரிணையின் பெரும்பகுதி 15 மீட்டர் ஆழம்கூட இல்லை. தொண்டியிலிருந்து இலங்கைக்கு அன்று நடந்தே போகலாம். பனி உருகிக் கடல் ஏறியபோது கரையோர நிலம் உண்மையாகவே மூழ்கியது. கடல் நிலத்தைக் கொண்டது உண்மை, அதற்குக் கண்டம் மூழ்கியிருக்க வேண்டியதில்லை.

7. எந்த வயதில் எதுவரை?

ஏழு வயதுவரை தரையில் கல் எண்ணுவதும் பென்சில் கரியும் போதும், அழிவுப் படங்கள் வேண்டாம். எட்டிலிருந்து பதினொன்று வரை ஈரத் துண்டுச் சோதனை. கூடவே உலகப்படத்தை வெட்டி ஒட்டச் சொல்லுங்கள். கரையோரமாக வெட்டினால் சரியாகப் பொருந்தாது. கடலுக்குள் நீளும் கண்டத்திட்டின் விளிம்பை ஒட்டி வெட்டினால் தென் அமெரிக்காவும் ஆப்பிரிக்காவும் நன்றாகவே சேரும், ஏனென்றால் கண்டத்தின் உண்மையான ஓரம் அதுதான்.

பன்னிரண்டுக்கு மேல் உள்ளவர்களிடம் ஒரு திறந்த கேள்வியையே கொடுக்கலாம். இந்தியாவை வடக்கே இழுத்த கடல்தரை எப்போதோ அமிழ்ந்து அறுந்து போயிற்று. மோதி 5 கோடி ஆண்டு ஆகியும் இந்தியா ஏன் இன்னும் நிற்காமல் ஆசியாவைத் தள்ளுகிறது? சுமத்ரா, ஜாவா பக்கம் அமிழும் விளிம்பின் இழுவை என்று சிலர் சொல்கிறார்கள். கவசத்தின் ஓட்டமே அடியிலிருந்து இழுத்துப் போகிறது என்று வேறு சிலர் சொல்கிறார்கள். ஆய்விதழ்களில் இந்த வாதம் இன்றும் நடந்துகொண்டிருக்கிறது.